கொக்கரித்தவள் யார், முட்டையிட்டவள் யார்?

"…அதனாலதான் டொக்டர், கறுப்பிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். தின்னுறா, நிக்கிறா, முட்டை மட்டும் கிடையாது!"

சொன்னவர் குறிஞ்சாக்கேணி ஃபரீதா ராத்தா. ஒரு சேவல், இரண்டு பேட்டுக்கோழி – அவ்வளவுதான் அவருடைய பண்ணை. வெள்ளிக்கிழமை மருமகன் விருந்துக்கு வருகிறார். கறிக்குப் போகிற கோழிக்கு அடையாளமாக, கறுப்பியின் காலில் சிவப்பு நூலும் கட்டியாகிவிட்டது.

சிவப்பியோ செல்லப்பிள்ளை! தினமும் முட்டையிடும் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து, கொக்கரித்து ஊரைக் கூட்டுவாள். ராத்தா போய்ப் பார்த்தால் முட்டை இருக்கும். வேறு சாட்சி வேண்டுமா?

அயலில் கோழிகளுக்கு ஏதோ நோய், வருத்தம் என்று, டொக்டர் – மிருக வைத்தியப் பிள்ளை – மூன்றிலும் இரத்தம் எடுத்துக் குழாய்களில் நிறுத்தி வைத்திருந்தார். துணைக்குப் போயிருந்த நானும் அவர்களுமாகத் தேத்தண்ணி குடித்து முடிக்க இரத்தம் உறைந்து, மேலே நீர் பிரிந்துவிட்டது. சேவலுடையதும் சிவப்பியுடையதும் கண்ணாடி மாதிரி. கறுப்பியுடையது மட்டும் மஞ்சளாய், கலங்கலாய்…

"அல்லாஹ்வே! வருத்தமா மகள்?"

டொக்டர் சிரித்தார். "இல்ல ராத்தா. மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தையும் கொழுப்பையும் ஈரல்தான் செய்யுது. இரத்தம் அதைச் சுமந்துகொண்டு போய் முட்டைப்பைக்குக் குடுக்குது. முட்டையிடுற காலத்தில இரத்தத்தில அந்தப் புரதம் கூடும். கொழுப்பும் சேர்ந்து வாறதால கலங்கலாத் தெரியுது. முட்டையிடுறது கறுப்பி."

"அப்ப இவ?"

"இப்போதைக்கு இவவுக்கும் சேவலுக்கும் வித்தியாசமில்ல. கறுப்பி இட்டிட்டுப் போனதும் இவ அதே பெட்டியில ஏறி இருந்து கொக்கரிச்சிருப்பா."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. கலியாண வீட்டில் குசினிக்குள் வேகிறவர்கள் ஒரு பக்கம்… வாசலில் நின்று "எப்படிச் சாப்பாடு?" என்று கேட்டுப் பாராட்டு வாங்குகிறவர் இன்னொரு பக்கம். நம்மில் எத்தனை சிவப்பிகள்!

"பொய்க்காரி! இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டினியாடி?"

ராத்தா கறுப்பியின் காலிலிருந்த நூலை அவிழ்த்துக்கொண்டு சிவப்பியைப் பிடித்தார். அவளோ நடக்கப்போவது தெரியாமல், மடியில் வசதியாக உட்கார்ந்து கொக்கரிக்கத் தொடங்கினாள். ராத்தாவின் கை நின்றது.

"நீயும் இல்லாட்டி முட்டை வந்த கதையை எனக்கு ஆர் சொல்றது?"

எழும்பிப் போய், நூலைச் சேவலின் காலில் கட்டினார்.