பைக்கில் விழவில்லை என் மகன்

என் மகன் தானியேலின் இடது கையை உடைத்தவன் நான். பைக் அல்ல!

பிள்ளைகளே, போன வாரம் ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் கேட்டீர்கள்: "அங்கிள், தானியேல் அண்ணன், மத்த அண்ணனுங்க எல்லாம் ஏன் சபைக்கு வர்றதில்ல?" நான் "ஷிப்ட் வேலை" என்றேன். பொய். எட்டு வருடமாக அதே பொய்...

எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு. ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு பஸ் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

நம் குருபரப்பள்ளி சபையில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவரை ஆராதனை நடுவில் எல்லார் முன்பும் நிறுத்துவோம். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, ஒரு பெண்ணை நிறுத்தினோம். வேலை செய்கிற இடத்தில் வேறு மதத்துப் பையனோடு பழகினாள் என்பது அவள் மேல் குற்றம். அவள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கிழித்தது அவளைப் பெற்றவன். எங்கள் எல்லோருக்கும் தெரியும்! அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். சபையின் மூப்பனாகிய நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து தானியேல் எழுந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"ஐயா, அந்த அக்காவை நிக்க வெச்சிட்டீங்க. சரி. அவங்க வாயைக் கிழிச்சவரை எப்ப நிக்க வெப்பீங்க?"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவனை அல்ல... என்னை!

வீட்டுக்கு வந்ததும் டூல்ஸ் பையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். முதல் அடி தோளில். அடுத்தது முதுகில். மூன்றாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முழங்கையில் விழுந்தது. அப்போது கேட்டது இரும்பின் சத்தம் இல்லை.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு முறை ஓங்கி அடித்தேன். அவன் அம்மா என் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை எட்டி உதைத்தேன். கட்டில் காலில் இடுப்பு மோதி விழுந்தாள்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா? முடியாது. சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் அடித்தேன். ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. அதில் ரத்தம் படக் கூடாது என்று யோசிக்க எனக்கு நேரம் இருந்தது!

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதே சொல்லிக்கொடுத்தேன். "பைக்குல விழுந்துட்டேன்னு சொல்லுடா." டாக்டரிடம் நானே சொன்னேன்.

பாவம் அதோடு முடிந்திருந்தால்கூட...

மூன்றாம் வாரம், சாட்சி சொல்லும் நேரம். "உங்க பையனைக் கர்த்தர் காப்பாத்தினதைச் சொல்லுங்க மூப்பரே" என்று போதகர் மைக்கை நீட்டினார். இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். நானோ ஒரு லாரியைக் கொண்டுவந்தேன்! சூளகிரிப் பக்கம் மணல் லாரி, பிரேக் பிடிக்கவில்லை, தேவதூதன் என் பிள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டான்... சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. உண்மையான கண்ணீர்! சபை எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு மைக் தானியேலிடம் போனது. கட்டுப்போட்ட கையோடு எழுந்தான். பெண்கள் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். உண்மை சொன்னால் அன்றைக்கு வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஆமா. பைக்குல விழுந்தேன்."

அவ்வளவுதான். வெளியே போனான். ஒற்றைக் கையால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தான். அதற்குப் பிறகு நம் சபை வாசலை மிதிக்கவில்லை.

அவன் கூட்டாளிகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வாலிபர்கள் ஏன் வருவதில்லை என்று பேசக் கூட்டம் போட்டோம். பேசச் சொன்னது யாரை? என்னைத்தான்! "செல்போன்தான் சாத்தான்" என்று முழங்கினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கேட்டாள்:

"அங்கிள், நம்ம ஆராதனையை லைவ்ல போடுறமே, அதுவும் அதே சாத்தான்தானா?"

சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் கையை இழுத்தாள். "உட்காருடி. அப்புறம் நீயும் பைக்குல விழுந்துடப் போற."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் காதில் விழாதவன் மாதிரி கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினேன். கண்ணைத் திறந்தபோது அந்த வரிசை காலியாக இருந்தது.

போன மாதம் பாகலூர் போனேன். அங்கே ஒரு கம்பெனியில் தானியேல் மிஷின் ஓட்டுகிறான். தெலுங்கு பேசும் பையன்கள் இரண்டு பேரோடு ஒரே அறை. இடது கை இன்றுவரை முழுதாக நீளாது. வலது கையால் டீ கொண்டுவந்து கொடுத்தான்.

"சபையில எழுந்து உண்மையைச் சொல்லிடறேன்டா" என்றேன்.

"எதுக்குப்பா? அதையும் சாட்சின்னு கைதட்டுவாங்க. மூப்பர் மனந்திரும்பிட்டார்னு கேக்கு வெட்டுவாங்க."

"ஆண்டவரையே வெறுத்துட்டியா?"

"அவரை எங்க வெறுத்தேன்? அவர்கிட்ட போகணும்னா உங்களத் தாண்டித்தானே போகணும்? அதான் வரல."

அதனால்தான் மைக்கில் சொல்லாமல் உங்களுக்குத் தாளில் எழுதுகிறேன். நீங்களும் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு போவீர்கள். அப்போது பெரியவர்கள் உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள். நம்பாதீர்கள். குறை எங்கே என்று எனக்குத் தெரியும்.

இத்தோடு நிறுத்தினால் நல்லவன் மாதிரி தெரிவேன். இன்னொன்றும் நடந்தது...

'உங்களத் தாண்டி' என்று அவன் சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை பிள்ளைகளே. ஆத்திரம் வந்தது! டீ தம்ளரைக் கீழே வைத்தேன். வலது கை தானாக மடங்கி இறுகியது. நான் ஓங்கவில்லை. ஓங்கியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியவில்லை.

என் கையை அவன் பார்த்துவிட்டான். இருபத்தேழு வயது, என்னைவிட உயரம்... சுவரோடு ஒதுங்கி, நீளாத அந்தக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.