சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்து வளைவில் காலர் சுருக்கமில்லாமல் உட்கார வேண்டும். துணியை இழுத்தாலும் கெட்டது, தளர விட்டாலும் கெட்டது. அக்கா கையில் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அடுத்த மிஷினில் நான் சட்டைக்குக் கை வைப்பவள். அவள் காலர் வைத்துத் தள்ளினால்தான் எனக்கு வேலை. அவள் நின்றால் எனக்குப் பின்னால் இருக்கும் வரிசை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவள் கணவன் எச்ஐவியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போனவன். "செத்தவன்கிட்ட எப்படிடி சண்ட போடறது?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். போட வேண்டிய சண்டை அத்தனையும் அவளுக்குள் அப்படியே இருந்தது. அது பின்னால் பயன்பட்டது.

அதற்கான மாத்திரை எங்கள் தொழிற்சாலை மருத்துவ அறையிலேயே கிடைத்தது. கம்பெனி நடத்தும் உடல்நலத் திட்டம் அது. நோயை வெளியே சொல்லக்கூடாது, அதைச் சாக்கு வைத்து வேலையை மாற்றக்கூடாது என்ற விதியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நர்ஸம்மா தங்கமானவர். ஆனால் தங்கமானவர்களுக்கே வரும் கோளாறு அவருக்கும் வந்தது. ரகசியம் காக்கிறேன் என்று, இந்த மாத்திரைக்காரர்களுக்கு மட்டும் வியாழக்கிழமை மதியத்தை ஒதுக்கினார். மற்றவர்கள் அப்போது வரக்கூடாது என்று கதவில் பலகையும் தொங்கவிட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் எப்போதும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாட்ச். வியாழக்கிழமை தவறாமல் அக்கா எழுந்து போவதை அவர் பார்த்தார். கதவில் தொங்கும் பலகையையும் பார்த்தார். மோப்பம் பிடிக்க அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு காலை, தண்ணீர் டிரம் பக்கத்தில் அக்காவின் டம்ளர் மட்டும் தனியாக இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது உனக்குத் தனிம்மா. மத்தவங்களையும் நான் பாக்கணும்ல?" என்றார் வாட்ச், வரிசைக்கே கேட்கிற மாதிரி. அன்றே அவளைக் காலர் மிஷினிலிருந்து எழுப்பி, மூலையில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் போட்டார். அதுவரை அவள் கையால் சாப்பாடு வாங்கித் தின்றவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா அழவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "இவன் உயிரோட இருக்கான்டி. இவன விடமாட்டேன்."

மறுநாள் நர்ஸம்மாதான் அழுதார். "ரகசியமா இருக்கட்டும்னுதானே தனி நாள் வெச்சேன்?"

"பலக மாட்டி வெச்சா அது ரகசியமா, ஊர்வலமா?"

"விதி இருக்கும்மா. புகார் குடு. கம்பெனி அவருக்கு எச்சரிக்கை குடுக்கும்."

"அத மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய் நல்லா தூங்குவான். எனக்கு அது பத்தாது. என் மிஷின அவன் கையாலயே திருப்பி வாங்கணும். நான் கூப்பிடறப்ப வாங்க, போதும்."

அக்கா மூலையில் உட்கார்ந்து பிசிறு வெட்டினாள். சிவப்பு நூல் கட்டிய டம்ளரிலேயே, வாட்ச் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தாள். காலர் மிஷினில் வாட்ச் யார் யாரையோ உட்காரவைத்துப் பார்த்தார். காலர்கள் கழுத்தில் கோணிக்கொண்டு நின்றன. சட்டைகள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. பிரித்துத் தைத்தது மறுபடியும் திரும்பி வந்தது. வாட்ச் மணிக்கட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது.

கடைசியில் மேனேஜரே கீழே இறங்கி வந்தார். பழைய காலர் ஆள் எங்கே என்று கேட்டார். அக்கா கத்திரியோடு எழுந்து வந்தாள்.

"நான்தான் சார். எனக்கு எச்ஐவி இருக்கு. அதுக்காக இவர் என்ன மூலைல போட்டாரு. எனக்குன்னு ஒரு டம்ளரும் வெச்சாரு."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். நர்ஸம்மா வந்து, தண்ணீராலும் டம்ளராலும் எச்சிலாலும் இது யாருக்கும் ஒட்டாது என்று, இந்தத் தடவை பலகை எதுவும் இல்லாமல், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மேனேஜரின் முகம் சிவந்தது. "நீ மிஷினுக்குப் போம்மா. இவர் மன்னிப்புக் கேப்பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார்." அக்கா போய் அந்த டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பாதியைக் குடித்தாள், உதடு வைத்து, நிதானமாக. மீதியை வாட்சிடம் நீட்டினாள். "இத அவர் குடிக்கட்டும். உடனே நான் போய் உக்காந்துடறேன்."

வாட்ச் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் திரும்பி வந்த சட்டைக் குவியலைப் பார்த்தார். எங்களில் ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை. வாட்ச் குடித்தார். பாதியைச் சட்டைமேல் ஊற்றிக்கொண்டார். அக்கா டம்ளரை வாங்கி, பிசிறு வெட்டும் அதே கத்திரியால் சிவப்பு நூலை வெட்டிப் போட்டாள்.

"மிஷினக் குடுங்க."

காலர் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை வாட்சே எழுப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டார். சற்று நேரத்தில் ஒழுங்கான காலரோடு ஒரு சட்டை என் பக்கம் வந்தது.

நர்ஸம்மா பலகையைக் கழற்றினார். அதன்பின் தலைவலிக்காரர்கள், காய்ச்சல்காரர்கள் கூட்டத்தோடு கூட்டமாக எந்த நாளிலும் மாத்திரை வாங்கலாம் என்றானது. நகர்ந்து போன டப்பாக்கள் மெல்லத் திரும்பி வந்தன. அக்கா அவர்களைச் சேர்த்துக்கொண்டாள். வாட்சை மட்டும் சேர்க்கவில்லை. அவர் வரிசைப் பக்கம் வரும்போதெல்லாம் அந்த டம்ளரை எடுத்து மெதுவாகத் துடைப்பாள். "போதும்கா, பாவம்" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"பாவம்லாம் எனக்குப் பாக்கத் தெரியாதுடி" என்றாள்.

முடிவில் அவரே கேட்டு பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்பும் நாளில் ஒவ்வொரு மிஷினாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவிடம் வந்ததும் குரல் தாழ்ந்தது.

"வரேம்மா."

அக்கா தையலை நிறுத்தினாள். முகம் நிறையச் சிரித்தாள்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்."

வாட்ச் வெகு நாள் கழித்து மணிக்கட்டைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்றார்.