கொத்துக்கு ஒரு வட்டம்

காய்ச்சல் விடாததால் இன்று காலை தெஹியோவிட்டவில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன்.

பெறுபேற்றைப் பார்த்ததும் அங்கிருந்த பெண்ணின் முகம் மாறியது.

“சேர், பிளேட்லட் ரொம்ப கொறஞ்சிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. கூட யாரு வந்திருக்காங்க?”

“யாருமில்லை. அந்தப் படத்தை நான் பார்க்கலாமா?”

நுணுக்குக்காட்டி எடுத்த படத்தில், மென்பொருள் பிளேட்லட் எனும் ஒவ்வொரு சிறுதட்டையும் பச்சை வட்டமிட்டு எண்ணியிருந்தது. ஒட்டிக்கொண்டு கொத்தாக நின்றவற்றுக்கோ, கொத்துக்கு ஒரு வட்டம்தான். தோட்டத் தொழிலாளரின் ஒரே லயன் காம்பிராவில் மூன்று குடும்பங்கள் நெருங்கிக் கிடக்க, ஒரு வீடு என்று எழுதிக்கொண்டு போகும் கணக்கெடுப்புக் கனவான்களிடம் அது பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

“இதை நீங்கள் கண்ணால் பார்ப்பதில்லையா?”

“மெஷின்தானே சேர் எண்ணுது. நாங்க பேப்பர எடுத்துக் குடுக்கிறதுதான்.”

நான் குரலை உயர்த்தவில்லை. சிலருடைய இரத்தம் குழாயிலுள்ள, உறையாமல் தடுக்கும் மருந்தினால் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். வேறு வகைக் குழாயில் மீண்டும் எடுக்கும்வரை கதிரையை விட்டு எழவுமில்லை.

இரண்டாவது பெறுபேற்றில் குறை எதுவும் இல்லை.

“நல்ல வேளை சேர். மொதல்ல வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிருங்க, பயந்துகிட்டு இருப்பாங்க.”

தொலைபேசியைக் கையில் எடுத்தேன். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பதில் சொல்ல யாருமில்லை.

ஆகவே, தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபடி இந்தப் பதிவில் உங்களுக்குச் சொல்கிறேன்: எனக்கு ஒன்றுமில்லை.

பயந்துகொண்டிருந்தவர்கள் கீழே தெரிவிக்கவும். எண்ணுவதற்கு இயந்திரம் தேவைப்படாது.