இடக்கைக்காரரின் வாள்

வாள்வீச்சுக் கழகத்தின் அடையாள அட்டையில் பர்னபாஷ், ‘வாள்வீச்சு வரலாற்றுப் பொருட்களின் நடுநிலைக் காப்பாளர்’. நடுநிலை அவருக்கு ஆகாத சரக்கு. டிராம் தவறினால் டிராம் மீது குற்றம். சீட்டில் தோற்றால் சீட்டின் மீது. ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்தவரும் அவர்தான், யாரோ வென்ற வெள்ளிக் கோப்பையில் தினமும் காப்பி குடிப்பவரும் அவர்தான். முகமூடிகளைத் துடைக்கும்போது, புடாபெஸ்டில் தன்னைத் தவிர யாருக்கும் சேபர் வாளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

சென்ற இலையுதிர் காலத்தில் இல்கா என்றொரு பெண் கழகத்துக்கு வந்து, தங்கம் வென்ற சாம்பியனின் வாள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன் நின்றாள்.

“இது எங்க அப்பா ஆர்பாதோட வாள், மாமா.”

“இந்த ஊர்ல எல்லாருக்கும் அப்பா சாம்பியன்தாம்மா.”

ஆர்பாத் அந்தச் சாம்பியனின் அணியிலேயே ஆடியவர். அணியில் இடக்கைக்காரர் அவர் ஒருவரே. கழக மண்டபத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. மகளுக்கு வாள் வேண்டாம், பெயர் வேண்டும்.

“கையில எடுத்துப் பாருங்க, தெரியும்.”

“காட்சிப் பொருள யாரும் தொடக்கூடாது.”

“கோப்பையில காப்பி குடிக்கலாமா?”

“அது பராமரிப்பு.”

சாம்பியன் வீட்டிலிருந்து வந்த வாளைச் சாம்பியனுடையது என்று எழுதி வைத்தது பர்னபாஷேதான். குளிர்காலம் முழுக்க அவள் வந்தாள், அவர் வாதாடினார். ஆண்டு விழாவன்று, உறுப்பினர்கள் எல்லோரும் கூடியிருக்க, அவள் வாயை அடைப்பதற்கென்றே பெட்டியைத் திறந்து வாளை வலக்கையில் பிடித்தார்.

சேபரின் கைக்காப்பு ஒரு பக்கம் அகன்றிருக்கும், பிடிப்பவரின் வெளிப்புறத்தைக் காக்க. அவர் வலக்கையில் இதன் அகலம் உட்புறம் போயிற்று; இடக்கைக்கென்று செய்த வாள். வெளிப்புறம் அம்மணமாக நின்றது. தூரத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலர் கைகூடத் தட்டினார்கள். இல்காவும் தோற்றுவிட்டதாக நினைத்துத் தலைகுனிந்துகொண்டாள். அவர் வாளைத் திரும்ப வைத்துப் பூட்டியிருக்கலாம்.

அடி பட்டதும் எரிந்து காட்டும் மின்விளக்கு வருவதற்கு முன்பு ஆடியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவர் கண்ணுக்குத் தப்பிய அடியை, வாங்கியவனே கையை உயர்த்திச் சொல்லிவிடுவான்.

பர்னபாஷ் இடக்கையை உயர்த்தினார்.

“பட்டுருச்சு,” என்றார்.

பிறகு பெட்டியிலிருந்த சாம்பியனின் பெயரட்டையைக் கழற்றி, காகிதத்தை வீணாக்காமல் அதன் பின்பக்கத்தில் ஆர்பாத் என்று எழுதி, பெட்டிக்குள் வைத்தார்.