தொள்ளாயிரம் ரூபாய் ரூம்

"உங்க ரூம் நாளைக்குத்தான் சார். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வாங்க."

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. திருக்கடையூரில் ஒரு லாட்ஜ். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரிடம் ஆதார் கார்டு கேட்கப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் என் அக்கா, அத்தான், அவர்கள் மகன் அறிவழகன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆறு பைகள். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அத்தானுக்கு எழுபதாம் கல்யாணம்.

ரூம் போட்டது யார்? நான்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பெருமை தெரியும். 'எப்படி இவ்வளவு மலிவா ரூம் பிடிக்கிறீங்க?' என்று கடிதம் போட்டவர்கள் உண்டு. நானும் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். ஆப்பில் ரேட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு லாட்ஜுக்கே நேராக போன் போடுங்கள் — நடுவில் கமிஷன் போகாது என்றால் அவர்களே இறங்கி வருவார்கள். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ரூம் வேண்டாம், பின்பக்கத்து ரூம் கேளுங்கள். அதே கட்டில், அதே ஃபேன், இருநூறு குறையும். ரூமைக் காட்டச் சொல்லி, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய் உண்டு.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அப்பா நெல் கூலியை உயர்த்திக் கேட்கிற சங்கத்தில் சேர்ந்தார். எங்கள் குடிசை இருந்தது மிராசுதாரின் இடத்தில். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கிய வாரத்தில் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். கீற்று ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம் — ஒழுங்காகத்தான் பிரித்தார்கள். அப்புறம் லாரியில் கிளீனர், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுகிறவன், வடக்கே பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் என்று ஊர் ஊராகப் போனேன். ராத்திரிக்கு எங்கே, எவ்வளவு? தினமும் இந்த இரண்டு கேள்விகள்தான். வருஷக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பதில் வராது?

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவளுக்கு வாய்த்தவர் கறுப்புச் சட்டைக்காரர். மேடை போட்டு, மைக் வைத்து, ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றி நடந்த கல்யாணம். தலைமை தாங்கியவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பாதி மூடநம்பிக்கை பற்றி, பாதி மரக்காலில் அளக்கிற நெல் கூலி பற்றி.

அறுபதாம் கல்யாணத்துக்கு அக்கா ஆசைப்பட்டாள். அத்தான் ஒரே வார்த்தையில் மறுத்தார். பத்து வருஷம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன வருஷம் அவளுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் அத்தானே சொன்னாராம்: "எழுபதுக்குப் போவோம். வந்து உக்காருவேன். கையைக் காட்டச் சொன்னா காட்டுவேன். மந்திரம் மட்டும் சொல்ல மாட்டேன்."

இதை விட்டால் அடுத்தது எண்பதாம் கல்யாணம். அக்காவின் நெஞ்சை வைத்துக்கொண்டு எண்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

திருக்கடையூர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தன்று அங்கே போய்க் கணவனும் மனைவியும் மறுபடி கல்யாணம் செய்துகொள்வார்கள். ஒரே காலையில் வரிசையாகப் பல ஜோடிகள் மணையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் முதல் நாள் சாயங்காலமே வந்து தங்குவார்கள். அறிவழகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கிருந்து போன் போட்டான். "மாமா, ஒரு ரூம் மூவாயிரத்து எண்ணூறு காட்டுது. போட்டுடவா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்கிட்ட விடு" என்றேன். அரை மணி நேரத்தில் அதே லாட்ஜ், அதே ஏசி ரூம்... தொள்ளாயிரம். ஆப்பிலேயே அவ்வளவு இறங்கியிருந்ததால் லாட்ஜுக்கு போன்கூடப் போடாமல் இரண்டு ரூம் போட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்று பொடி எழுத்தில் இருந்தது. மலிவு ரேட் என்றால் அப்படித்தான் இருக்கும். "நீ பாக்கத் தெரியாம பாத்திருக்கே" என்று அவனுக்கு போனிலேயே ஒரு பாடமும் எடுத்தேன்.

அவன் பார்த்தது வியாழக்கிழமை ரேட். நான் பார்த்தது வெள்ளிக்கிழமை ரேட்.

விசேஷம் வெள்ளிக்கிழமை, அதனால் ரூமும் வெள்ளிக்கிழமை — எனக்கு அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் நாள் என்பது கோழி கூவுகிறபோது தொடங்குவது. இருட்டோடு போய் நாற்றுப் பறித்தால் அது அன்றைய கூலி. லாட்ஜ்காரர்களுக்கு நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் திருக்கடையூரில் என்ன இருக்கும்? மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் கார் ஏறியிருப்பார்கள். ஊரே காலி. யோசித்துப் பார்த்தால், நான் இத்தனை வருஷம் மலிவு மலிவு என்று பிடித்ததெல்லாம் மற்றவர்கள் எழுந்து போன இடங்களைத்தான்.

"இன்னிக்கு எப்படியாவது ஒரே ஒரு ரூம்..." என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"ஸ்டோர் ரூம்கூட இல்ல சார். மாசத்துக்கு நாலு பேராவது இப்படித் தேதி மாத்திப் போட்டுட்டு வர்றாங்க." என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டாள். "எல்லாரும் நல்லா படிச்சவங்கதான் சார்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

தெருவில் இருந்த மற்ற லாட்ஜ்களில் ஏறி இறங்கினேன். மயிலாடுதுறைக்கு போன் போட்டேன். முகூர்த்த நாள், எங்கேயும் இடமில்லை. திரும்பி வந்தபோது அறிவழகன் பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். "மூவாயிரத்து எண்ணூறு குடுக்க மாட்டேன்னு நான் சொன்னேனா மாமா?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

அத்தான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு. ஊருக்குப் போயிரலாம்."

"காலையில நாலரைக்கு எந்த பஸ்ஸுப்பா வரும்?"

"அதான் சொல்றேன். போயிரலாம்."

ஜெயித்த குரலில் சொல்லவில்லை. ஆனால் போனால் போனதுதான். இன்னொரு தடவை அவரைக் கூட்டிவர யாராலும் முடியாது. எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை இருந்த பையை மடியில் வைத்திருந்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கணும், நிற்கக் கூடாது, அலையக் கூடாது — டாக்டர் சொல்லியனுப்பியது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை.

"விடுடா" என்றாள் அவளே. "கல்யாணத்தன்னிக்கே இவரு வரப்புலதான் படுத்துக் கெடந்தாரு. மேடையில கூலியைப் பத்திப் பேசுனாங்கல்ல... அன்னிக்கே போலீசு தேடிக்கிட்டு வந்துருச்சு. நான் பந்தல்லயே மாலையைத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டேன். இங்க சோபா இருக்கு, ஃபேன் இருக்கு. எனக்கென்ன?" சிரித்தாள். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காதபடி, "காலையில குளிக்கச் சுடுதண்ணி மட்டும் கெடச்சாப் போதும்" என்றாள்.

அத்தானுக்குக் கேட்டுவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

"அப்பா பஸ்ஸுக்குப் போறாரு மாமா. போய்ப் புடிங்க."

பின்னாலேயே போனேன். அவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றார்.

"தம்பி, இங்க நம்ம மன்றம் எங்க இருக்கு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய கறுப்புச் சட்டையைப் பார்த்தார். "மன்றம் செல்போன் கடையாகி நாலு வருஷம் ஆச்சுங்க பெரியவரே. கலியபெருமாள் ஐயா வீடு வேணா சொல்றேன். வாய்க்காலைத் தாண்டி மூணாவது வீடு. வாசல்ல கொடிக்கம்பம் இருக்கும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எத்தனையோ ஆட்சி வந்தது, போனது, மறுபடி வந்தது. அத்தானோடு ஜெயிலில் இருந்தவர்கள் மகன்களுக்கு வேலை வாங்கினார்கள், காண்ட்ராக்ட் எடுத்தார்கள், வீடு கட்டினார்கள். அத்தான் தனக்கென்று ஒரு சிபாரிசுக் கடிதம்கூடக் கேட்டதில்லை. அறிவழகன் கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டபோதும் கேட்கவில்லை. அதனால்தான் அவன் திருப்பூரில் பனியன் மடிக்கிறான்.

கலியபெருமாள் வாசலில் ஈசிசேரில் இருந்தார். எண்பதை ஒட்டிய வயது. கறுப்புச் சட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க தோழர். எந்த ஊரு?"

அத்தான் ஊரைச் சொன்னார். சங்கத்தில் யாரோடு இருந்தார் என்று சொன்னார்.

"உக்காருங்க. என்ன இந்தப் பக்கம்? கூட்டம் கீட்டமா?"

அத்தான் உட்காரவில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்தார். மிராசுதார் முன்னால் அந்தத் துண்டை எடுக்காததற்காக அடி வாங்கியவர் அவர். எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்கு வந்தேன்" என்றார். "எழுபதாங் கல்யாணம். வீட்டுல நெஞ்சுவலிக்காரி... ஆசைப்பட்டா. ரூம் போட்டதுல ஒரு குளறுபடி ஆயிருச்சு. அவளுக்கு மட்டும் ராத்திரி படுக்க ஒரு எடம் வேணும். விடியக்காலம் குளிக்கச் சுடுதண்ணி. நாங்கல்லாம் எங்கயாவது இருந்துக்குவோம்."

கலியபெருமாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் அறுபதுக்கு மாட்டேன்னுட்டேன் தோழர்" என்றார் கலியபெருமாள். "எழுபதுக்கு அவ விடல. உள்ளூர்க் கோயில்தானே... இருட்டோட போயிட்டு இருட்டோட வந்துட்டோம். வெளியில சொல்லிக்கல."

"ஊருக்கே தெரியும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இவருதான் சொல்லிக்கல."

அத்தான் அப்போதுதான் உட்கார்ந்தார்.

மகள் கட்டிக்கொண்டு போனபின் சும்மா கிடந்த அறையை அக்காவுக்குத் திறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கூடத்தில் பாய். கலியபெருமாளின் மனைவி பெயர் பாக்கியம். மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டி, ஓர் அண்டா தண்ணீர் காய்ச்சி, அக்காவுக்குத் தானே முதுகு தேய்த்துவிட்டாராம்.

கோயிலில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. குருக்கள் விவரமானவர். அத்தானின் உதடு அசையாததைப் பார்த்து, "மனசுக்குள்ள சொல்லிக்கோங்கோ" என்றார். "மனசுக்குள்ளயும் சொல்லல" என்று அத்தான் என் காதில் சொன்னார். தாலியைக் கையில் கொடுத்தபோது திணறிப்போனார். கட்டியிருந்தால்தானே தெரியும்? கடைசியில் வைக்கோல் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். அக்கா கழுத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

"இது அவுராது" என்றாள்.

பத்து மணிக்கு அறிவழகன் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பினான். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம். பன்னிரண்டு மணிக்கு நான் லாட்ஜுக்குப் போய் இரண்டு சாவிகளையும் வாங்கினேன். வெறிச்சென்று கிடந்தது. "கட்டுன காசு. இருந்துட்டுப் போவோம்" என்றார் அத்தான்.

அக்கா தலையை உலர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். தூங்கிப்போனாள். சாயங்காலம் எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், மறுபடி தூங்கினாள். நடவு, அறுவடை, மாடு, பிள்ளை, புருஷனுக்கு ஜாமீன் என்று ஓடியவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. அத்தான் ஏசி சத்தத்துக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மடக்காமல், சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அவர் கீழே இறங்கி வந்தார். நான் பையோடு தயாராக நின்றிருந்தேன்.

"அவ எந்திரிச்சுக் காப்பி குடிச்சா மாப்ளே. திரும்பப் படுத்துட்டா. இன்னொரு நாள் இருக்கலாமான்னு கேட்டா. அவ அப்படி எதையும் கேட்டதில்ல."

நேராக அந்தப் பெண்ணிடம் போனார். "மேல இருக்க ரூமு இன்னும் ஒரு நாளைக்கு வேணும்மா."

"நாளைக்கு முகூர்த்தம் பெரியவரே. இன்னிக்கு ரேட் வேற."

"இருக்கட்டும்மா."

அவள் என் பக்கம் திரும்பி, நான் பேரம் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.