இரண்டாம் நம்பர் டிராமில் பிடித்த குரல்கள்

ஸ்வேயா டோர்ன்பிளாட் ஸ்வீடனில் எங்கள் நோர்ஷோப்பிங் நகரத்தில் இரண்டாம் நம்பர் டிராமின் நடத்துநர். துறைமுகத்திலிருந்து நெசவாலைகளைத் தாண்டி மேட்டுத் தெரு வரை ஒரு நாளைக்குப் பதினோரு நடை போவார். சீட்டுக் கிழிக்கும் கை ஓயாது. வாய் அதைவிட ஓயாது. அந்த டிராமில்தான் நான் ஆலைக்குப் போவேன். சாயப்பட்டறை அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை எனக்கு.

1956 பிப்ரவரியில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் நகரத்து சிம்பொனி வாத்தியக் குழுவை வழிநடத்தப் புதிதாக வந்திருந்த எவால்ட் ஹெசல் கொடுத்தது. அதுவரை பெரிய பாட்டு எதுவானாலும் பாடுகிறவர்கள் ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலேறி வருவார்கள். ‘இனி இந்த ஊரே பாடட்டும். தொண்டை இருப்பவர்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரவும்’ என்று எழுதியிருந்தார்.

எழுபத்தொரு பெண்கள் போனோம். ஆண்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட வந்தவர்கள்.

ஹெசல் தலையைச் சொறிந்தார். “நவம்பர்ல கச்சேரி. முப்பது ஆம்பளைக் குரலாவது வேணும். இல்லேன்னா லிங்ஷோப்பிங்லேருந்து கடன் கேக்க வேண்டியதுதான்.”

கூடம் முழுக்க முனகியது. பக்கத்து ஊர்க்காரன் வந்து நம் மேடையில் பாடுவதா? ஸ்வேயா எழுந்தே விட்டார்.

“லிங்ஷோப்பிங்கா? அவங்க வந்தா நான் டிராமை ஆத்துக்குள்ள விட்டுடுவேன் ஐயா! ஆம்பளைங்கதானே வேணும்? தினம் ஆயிரம் பேரு என்கிட்ட சீட்டு வாங்குறான். நான் பிடிச்சுத் தரேன்.”

மறுநாள் காலையே வேட்டை தொடங்கிவிட்டது. யார் வாயைத் திறந்தாலும் ஸ்வேயா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் தாகே ப்ரொலின், ஆறரை அடி மனிதர், இரவு வேலை முடிந்து ஏறி “மேட்டுத் தெரு, ஒண்ணு” என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதிரத்தான் செய்தது.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார் ஸ்வேயா.

“எதுக்கு? காது கேக்கலையா?”

“நல்லாக் கேட்டுச்சு. அதான் இன்னொரு தரம் கேக்குறேன். பாடுவீங்களா?”

“ஏம்மா, பாட்டெல்லாம் டை கட்டுறவங்க சமாச்சாரம். என் கையைப் பாத்தியா?”

“கையாலயா பாடப் போறீங்க?”

டிராமே சிரித்தது. அப்போது வண்டி மேடு ஏறிக்கொண்டிருந்தது; மோட்டார் ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. “அந்தச் சத்தத்தை அப்படியே பிடிங்க பாப்போம்” என்றார் ஸ்வேயா. ப்ரொலின் முறைத்தார். பிறகு, இவள் விடமாட்டாள் என்று தோன்றியதோ என்னவோ, வாயை மூடிக்கொண்டே பிடித்தார். மோட்டார் எது, மனிதர் எது என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். மேடு முடியும் முன் அவர் பெயர் ஸ்வேயாவின் சீட்டுக் கட்டின் பின்புறம் ஏறிவிட்டது.

ஏப்ரலுக்குள் பதினாறு பேர். யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் ஏறினார். “ஓடுற வண்டிக்குள்ள பாட்டு கூடாது. இன்னொரு தடவை கேட்டேன்னா சீருடையைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“சரிங்க ஐயா. ஓடாத வண்டின்னா?”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். துறைமுக நிறுத்தத்தில் டிராம் எட்டு நிமிடம் நிற்கும். அன்று முதல் அந்த எட்டு நிமிடமும் பயிற்சி! வேலை முடிந்து வருகிறவர்கள் நடைமேடையில் வரிசை கட்டி நிற்பார்கள். ஹெசலிடம் பாட்டுத் தாள் வாங்கி, ஒவ்வொரு குரலின் வரியையும் தானே மனப்பாடம் பண்ணி, ஸ்வேயா பாடிக் காட்டுவார். ஓட்டுநர் மணியடித்தால் பாட்டு பாதியில் அறுந்துவிடும். எல்லோரும் குதித்து ஏறுவார்கள்.

செப்டம்பரில் அதே உடற்பயிற்சிக் கூடத்தில் முப்பத்து நாலு ஆண்களை நிறுத்திக் காட்டினார் ஸ்வேயா. ஹெசலுக்கு முகமெல்லாம் பல். ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. கடைசியில் அங்கே பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்வேயாம்மா, இதுல முப்பது பேரு கட்டைக் குரல். மேல பாடுற டெனர் நாலே நாலு பேரு! நான் ஆள் கேட்டேன், நீங்க காளைமாட்டு மந்தையையே ஓட்டிட்டு வந்திருக்கீங்க!”

“பிடிக்கலையா ஐயா?” என்றார் ப்ரொலின்.

“பிடிச்சிருக்கய்யா! அதானே கஷ்டம்! டெனருக்கு லிங்ஷோப்பிங்...”

அந்தப் பெயர் முடியவில்லை. ஸ்வேயா இருந்த இடத்திலேயே டெனர் வரியைப் பாடத் தொடங்கினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஒரு பிசகில்லை. புகையும் பனிக்காற்றும் பழகிய தாழ்ந்த குரல். ஹெசல் மெதுவாக எழுந்தார். “நீங்க டெனர் வரிசைக்குப் போங்க. இப்படித் தாழ்ந்த குரல்ல பாடுற பொம்பளைங்க வேற யாரு இருக்கீங்க?”

“அடி கெர்டா, என்ன பாத்துக்கிட்டு நிக்குறே? வா!” என்று ஸ்வேயா என் கையைப் பிடித்து இழுத்தார். என்னோடு பத்துப் பெண்கள் ஆண்கள் பக்கம் போனோம். உற்சாகத்தில் யாரோ விசிலடித்தார்கள். ப்ரொலின்தான்.

நவம்பர் ஞாயிறு, மாலை நாலு மணி. கச்சேரி அரங்கின் மாடத்தில் நெசவாலைப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியங்கள் அடங்கி, துணையில்லாமல் கட்டைக் குரல்கள் மட்டும் எழும் இடம் வந்தது. முப்பது துறைமுகத் தொண்டைகள்! மேடைப் பலகை என் காலுக்கடியில் நடுங்கியது. அந்தக் குரல்களின்மேல் எங்கள் குரலை ஏற்றினோம். பக்கத்தில் ஸ்வேயா கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் ஓடியது, துடைக்கவில்லை.  முடிந்ததும் கூரை இடிந்து விழுந்தது போல ஒரு ஆரவாரம். ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். ஹெசல் எங்களைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

பத்திரிகையில் ‘டெனர்களிடம் இதுவரை கேட்டிராத ஒரு கதகதப்பு’ என்று எழுதினார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஸ்வேயா அதை டிராமில் உரக்கப் படித்துக் காட்டினார். வண்டி நின்றிருந்தபோதுதான்.

அதற்குப் பிறகு வெளியூர்ப் பாடகர்களை அழைக்க வேண்டி வரவில்லை. ஸ்வேயா இருபத்து மூன்று ஆண்டுகள் பாடினார். சேர்ந்திசைக் குழுவின் பெயர்ப் பதிவேட்டில், ஆண்கள் பக்கத்தில், இன்றும் இருக்கிறது: டோர்ன்பிளாட், ஸ்வேயா. டெனர்.