அறுபத்தெட்டு, கீழே

எங்கள் பாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்பில், அறுபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாட்டில் கீழ்ப்பாட்டைத் தூக்கப்போகிறார்களாம். தீவனக் கடையில் யாரோ சொன்னதை முடிவெட்டும் பெண் கேட்டு, அவள் சொல்லித்தான் வெர்லீனுக்குத் தெரிந்தது. வடக்கு அலபாமாவில் செய்தி இப்படித்தான் நடக்கும்.

வெர்லீன் டிட்மோர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வயது அறுபத்தொன்று. எங்கள் பாட்டுக்கூட்டத்தில் வாத்தியம் கிடையாது. நாலு வகைக் குரல்காரர்களும் குரலுக்கொரு வரிசையாக நாலு பக்கம் எதிரெதிரே உட்காருவோம். முறை வந்தவர் நடுவில் நின்று, பக்க எண் சொல்லி, கையசைத்து நடத்துவார். வெர்லீன் ஆல்டோ வரிசை, பெண்களின் தணிந்த குரல். மற்ற பாட்டுகளில் ஆல்டோவுக்கு ஒரே சுரத்தில் காவல் நிற்கும் வேலைதான். அந்தக் கீழ்ப்பாட்டில் மட்டும் முதலில் பாய்ந்து ஓடலாம். மற்ற மூன்று குரலும் துரத்திக்கொண்டு வரவேண்டும். "நாப்பது வருஷமா அந்த ஓட்டத்துக்குத்தான் வர்றேன், சோத்துக்கா வர்றேன்" என்பாள்.

கூட்டக் குறிப்பேடுகளில் எது எத்தனை முறை பாடப்பட்டது என்று பார்த்துத்தான் பதிப்புக் குழு முடிவெடுக்கும். அதனால் கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் அதையே நடத்தினாள். பத்தொன்பது கூட்டம். ஓரிடத்தில் குதித்த குதியில் செருப்பு ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசைக்குப் பறந்தது; அவர்கள் தாளம் தப்பாமல் திருப்பி எறிந்தார்கள்.

குழு கூடுகிற சனிக்கிழமையன்றும் எங்களுக்குப் பாட்டு இருந்தது. மரத்தடிச் சாப்பாட்டில், குறிப்பெழுதும் ஓடெல் தட்டோடு வந்தான்.

"வெர்லீனக்கா, பக்கத்த எப்படிச் சொல்லுவீங்க?"

"அறுபத்தெட்டுன்னு."

"கீழேன்னு சொல்றதில்லயா?"

"நான் எழுந்தாலே கீழேதான்னு ஊருக்கே தெரியுமேடா."

"ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே. வெறும் நம்பர் இருந்தா குழு அத மேல்பாட்டுன்னுதான் எடுத்துக்கும். பத்தொன்பதும் மேலே போயிருச்சு."

மேல்பாட்டு அவளுக்கு ஆகவே ஆகாத ஒப்பாரி. வெர்லீன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. "அந்த எழவுக்கா நான் ஊர் ஊரா ஓட்டு கேட்டேன்!"

உடனே குழுத் தலைவர் ஹாய்ட்டை அழைத்தாள். எடுக்கவில்லை. "ஹாய்ட் அண்ணே, பத்தொன்பதும் கீழே. கீழே. முடிவு பண்றதுக்கு முன்னால கூப்பிடுங்க" என்று பதிந்து வைத்தாள்.

மதியம் அவள் முறை வந்தது. "அறுபத்தெட்டு. கீழே." ஓடெல் எழுதி அடியில் மூன்று கோடு போட்டான். வழக்கம்போல் முதலில் வெறும் சுரங்களைப் பாடி முடித்து, வார்த்தைக்கு வந்து, ஆல்டோக்கள் பாயும்போது அவள் பெஞ்சுக்கடியில் கைப்பை அலறத் தொடங்கியது.

"அக்கா, ஃபோன். ஹாய்ட்டாத்தான் இருக்கும்" என்றான் ஓடெல்.

"நான் ஓடிட்டிருக்கேன்ல?" என்றாள் வெர்லீன், கை நிற்காமல். "கடைசிப் பகுதி, திரும்பவும்."

ஆல்டோக்கள் முன்னால் ஓடினார்கள். மூன்று குரல்கள் துரத்தின. நாலாவதாக அந்த மணியும்.